மத்தியானம் வரும் திருடன்

“புதுப் பாஸ்வேர்டை எல்லாருக்கும் சொல்லியாச்சு. உனக்கு மட்டும் கிடையாது” என்றார் கண்காணிப்பாளர்.

இளநிலை உதவியாளர் எழுந்து நின்றாள். “ஏன் சார்?”

“ஏன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியும். அதுவரைக்கும் பழைய கோப்புக்கெல்லாம் எண் போட்டுக்கிட்டு இரும்மா.”

பக்கத்து மேசைக்காரர் குனிந்துகொண்டார். நேற்றுவரை அவளிடம் பேனா இரவல் வாங்கியவர்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழ் வழங்கும் அரசு இணையதளத்தைக் கவனிக்கும் பிரிவு அது. யாரோ வெளிநாட்டிலிருந்து அதற்குள் புகுந்து விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருப்பதைக் கணினிப் பொறியாளர் கண்டுபிடித்திருந்தார். யார் வழியாக என்றுதான் தெரியவில்லை. பிரிவு முழுமைக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். பத்துப் பேர் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரே சாவி.

“இது ஆபத்து, ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும்” என்று முன்பே கேட்டவள் அவள்தான். அதுவே இப்போது அவளுக்கு வினையாயிற்று.

சாப்பாட்டு வேளை கழிந்து வெகுநேரத்துக்குப் பின் இயக்குநர் அறைக்கு அழைப்பு வந்தது.

பொறியாளர் திரையைக் காட்டினார். “தினமும் மத்தியானம்தான் மேடம் வர்றான். ஒரு மணி நேரம் இருக்கான். போயிடறான்.”

“என்ன கெடுத்திருக்கான்?” என்று கேட்டார் இயக்குநர்.

“அதான் மேடம் புரியல. ஒண்ணும் கெடுக்கல. விண்ணப்பத்தை ஒழுங்காச் சரிபார்த்து ஒப்புதல் குடுத்திருக்கான். தப்பான ரெண்டைத் திருப்பிக்கூட அனுப்பியிருக்கான்.”

“நடிக்கிறான் மேடம்!” கண்காணிப்பாளர் மேசையைத் தட்டினார். “முதல்ல நல்லவன் மாதிரி உள்ள வருவான். அப்புறம் மொத்தத்தையும் வாரிச் சுருட்டிக்கிட்டுப் போவான். உலகம் பூரா இப்படித்தான் நடக்குது. பேப்பர்ல போட்டோகூட வந்துச்சே, முகமூடி போட்டுக்கிட்டு!”

பிறகு அவள் பக்கம் திரும்பினார். “உன் தம்பி எங்க இருக்கான்?”

“வெளிநாட்டுல சார்.”

“என்ன படிக்கிறான்?”

“கம்ப்யூட்டர்.”

“கேட்டுக்கிட்டீங்களா மேடம்?”

தம்பியா? சென்ற விடுமுறையில் வந்தபோது அவளுடைய மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டு என்னவோ நோண்டினானே. ஒரு கணம் கூடப்பிறந்தவனையே அவள் மனம் கூண்டில் ஏற்றியது. அதை நினைத்துக் கூசியும் போயிற்று.

“நான் யாருக்கும் சொல்லல மேடம்.”

“அப்ப இதுக்குப் பதில் சொல்லு” என்றார் கண்காணிப்பாளர். “காலையில பாஸ்வேர்டை மாத்தினோம். உனக்கு மட்டும் சொல்லல. பொறியாளர் சார், இன்னைக்கு அவன் வந்தானா?”

“வாசல்வரைக்கும் வந்து தட்டியிருக்கான். பழைய பாஸ்வேர்டு செல்லல. உள்ள வர முடியல.”

“அவ்வளவுதான்! உனக்குச் சொல்லல, அவன் உள்ள வரல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

அந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. தகுதிகாண் பருவமே முடியாத வேலை. இந்தக் கறையோடு வெளியேறினால் வேறு எந்த அலுவலகத்தின் படியையும் மிதிக்க முடியாது.

“பிரிவுல உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. உறுதியாச் சொல்றீங்களா சார்?” என்று இயக்குநர் கண்காணிப்பாளரைக் கேட்டார்.

“என் சர்வீஸ் மேல சத்தியமாச் சொல்றேன் மேடம். ஒரு கோப்புகூட என்கிட்ட நின்னதில்ல. உங்களுக்கே தெரியும்.”

உண்மைதான். மௌஸைப் பிடித்தாலே கை நடுங்கும் மனிதர். சாப்பிட்டபின் நாற்காலியிலேயே கண்ணயரும் மனிதர். ஆனாலும் அவரிடம் ஒரு விண்ணப்பமும் தேங்கியதில்லை. ‘சார் தூங்கினாலும் கோப்பு தூங்காது’ என்று பிரிவில் எல்லாரும் சிரித்துக்கொள்வார்கள்.

இயக்குநர் தற்காலிகப் பணிநீக்க ஆணையை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

கண்காணிப்பாளரின் கைப்பேசி அடித்தது. காதில் வைத்தால் சூடு ஏறுகிறதென்று எப்போதும் ஸ்பீக்கரிலேயே பேசுகிறவர் அவர். குளியலறைக் குழாய் ஒழுகுவது முதல் வெளிநாட்டில் பேரனுக்குப் பல் முளைத்தது வரை அவர் வீட்டுச் செய்தி முழுவதும் பிரிவுக்கு அத்துப்படி.

“பொண்ணு மேடம். ஒரு நிமிஷம்...” என்றபடி, பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்தினார்.

“அப்பா, பாஸ்வேர்டை மாத்திட்டாங்களா? குழந்தையைத் தூங்க வச்சிட்டு உங்க வேலையை முடிச்சிடலாம்னு உக்காந்தா, உள்ளயே விடமாட்டேங்குது. புதுசை எப்பவும் போல எனக்கு அனுப்பிடுங்க!”