டபராவில் பாதி

இருவரும் ஒரே சோபாவில், ஆளுக்கொரு ஏஐ திரைக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்த படம். முடிந்தும் செங்குட்டுவனுக்குக் குழப்பம் தீரவில்லை.

"காபியில விஷம் கலந்தது நிஜமா, புருஷனோட பிரமையா?"

"எந்த விஷம்? அவ காபி போட்டுக் குடுத்தா, அவ்வளவுதானே?" என்றாள் மனைவி கோதை.

அவன் கண்ணாடியிடமே விளக்கம் கேட்டான். அது கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "கதையில் விஷம் இல்லை. பார்ப்பவர் மனதிலிருக்கும் சந்தேகத்தை எடுத்துக் காட்சியாக்குவேன். அது உங்களுடையது."

மூன்று மாதமாக அவள் போட்டுத் தந்த காபியை அவளுக்குத் தெரியாமல் வாஷ்பேசினில் ஊற்றிவந்தவன், கூனிக் குறுகிப் போனான்.

கோதை எழுந்துபோய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரிலிருந்து டபராவில் பாதியை ஊற்றி, அவன் பார்க்கக் குடித்தாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

"இப்பக் குடிங்க."