ஒல்லி இறக்கைக்கு ஒரு மர அச்சு

“நான் சுபாஷ். வயசு இருபத்தஞ்சு. ஷார்ஜாவுல இருந்து பேசுதேன். இத யார் வாசிச்சாலும் எங்க அம்மாகிட்ட மட்டும் காட்டுங்க.”

அவன் சொல்லச் சொல்ல போன் எழுத்தாக்கிக்கொண்டிருந்தது. மேல்கட்டிலில் கிடந்த அறைத்தோழன், வாசுதேவநல்லூர் பாரூக், சிரித்துவிட்டான்.

“ஏலே, ஒன் வயசு பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்? போலீஸ்ல புகாரா எழுதுதே?”

“அம்மா போன வீட்டுல யாரு எடுப்பான்னு சொல்ல முடியாதுலே. குரலா அனுப்புனா அப்பா காதுல விழுந்துரும்.”

குத்துக்கல்வலசை வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், அப்பா அய்யாத்துரை ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். விமானப்படையில் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழுக்க அலுமினியம், மேலே போனதும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காற்றிலேயே மிதக்கிற மோட்டார் கிளைடர். சுபாஷ் ஷார்ஜா வந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் போனில் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: இறக்கை ஒல்லியா, தடியா?

நேற்றும் அதே சண்டை.

“ஒல்லின்னா வழுக்கிட்டு ரொம்பத் தூரம் போவும்லே. பண்பொழி மலைக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டு வந்துரலாம்.”

“சாரல் விழுந்தா என்ன செய்வீய? ஒல்லி இறக்கை நனைஞ்சா தூக்காதுப்பா. தடின்னா மெதுவாப் பறக்கும், மெதுவா எறங்கும்.”

“போலே, பயந்தாங்கொள்ளி. அடுத்த வாரம் மர அச்சுல தகட்ட வச்சு அடிக்கப் போறேன். ஒல்லிதான்.”

கண்ணை மூடினால் குற்றாலம் பஸ். சன்னலுக்கு வெளியே அவனுடைய சின்னக் கை, அதைப் பிடித்தபடி அப்பாவின் கை. ‘விரலக் குவி. பாத்தியா, காத்து தூக்குது!’ முழங்கைவரை சாரல். ஆறாம் வகுப்பில் அவன் தெர்மாகோலில் வெட்டிய தடி இறக்கை விமானம் அந்தச் சாரலிலும் ஆடாமல் இறங்கியது. அப்பா ஸ்கேல் வைத்து அதை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். அதையா மறந்துவிட்டார்?

சுபாஷ் போனை வாயருகே கொண்டுபோனான்.

“அம்மா, எனக்குப் பயமாருக்கு. சண்டை போட்டும் சலிச்சுட்டு. அடுத்த வாரம் கேட்டா சரின்னு விட்டுருவேன். நீ ஒண்ணே ஒண்ணு செய்யி. கொட்டகையில ஒல்லி இறக்கைக்கு மர அச்சு இருக்கும். அப்பா தகட்டக் கையில எடுக்க முன்னாடி அத எங்கயாவது ஒளிச்சு வச்சிரும்மா.”

அரை மணி நேரத்தில் அம்மா நிர்மலாதேவியின் குரல் வந்தது, கிசுகிசுப்பாக.

“ஏலே, இங்கன ஒல்லி அச்சே கெடையாது. இருக்கது ஒண்ணுதான், நீ தெர்மாகோல்ல வெட்டுனியே, அந்தத் தடி இறக்கை வடிவத்துல செஞ்சது. ரெண்டு இறக்கையும் போன ஆடியிலயே முடிஞ்சுட்டு. ரிவெட் அடிக்கையில பின்னால இரும்பக் குடுத்துப் புடிச்சதே நான்தான். வேற என்ன கேட்டாலும் ‘நல்லாருக்கேன்’னு போன வச்சிருதே, இதுக்கு மட்டுந்தான் ஒரு மணி நேரம் மல்லுக்கு நிக்கே. அதான் அப்பா கேக்காவ. ஞாயித்துக்கெழம சரின்னு மட்டும் சொல்லிராதய்யா.”