வாசல் இல்லாத அறை

இங்கிலாந்தின் பழைய கட்டடங்களை லேசர் கருவியால் படமெடுத்து, மண்ணூர்பேட்டையிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வரைபடம் போட அனுப்புவார்கள். அங்கே வரையும் லாவண்யாவுக்கு இந்த முறை வந்தது எழுநூறு வருடப் பழமையான கோட்டை வாயில். வளைவுக்கு மேலே, தூக்குக்கதவை ஏற்றி இறக்கும் அறையை ஒட்டி, வாசலே இல்லாத ஒரு சிற்றறை இருந்தது. உள்ளே கல்மேடையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். படத்தில் சிக்கும் ஆட்களை வரைவதில்லை. லாவண்யாவும் அறையை மட்டும் வரைந்தாள்.

சரிபார்க்கும் கஜபதி சிரித்தார். "இன்னாம்மா, ரூமுக்கு வாசலே காணோம்? சொவுத்த தொளைச்சிகினா உள்ள போவான்? ஒரு கதவ வச்சி அனுப்பு."

ஒரு சுவரில் கதவை வரைந்து அனுப்பினாள். மறுவாரம் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. அந்த அறை கட்டிய காலத்திலேயே அடைக்கப்பட்டது. கருவி அதற்குள் போகவே இல்லை. இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன?

"நீயா இட்டுக்கட்டி வரைஞ்சிருந்தா வேல பூடும்மா," என்றார் கஜபதி.

"இல்லண்ணா, படத்துலயே கீது. பாருங்க."

முதலில் வந்த அதே லேசர் படத்தை லாவண்யா திறந்தாள். அறை இருந்தது. அவள் கதவு வரைந்த அதே இடத்தில், சுவரில் ஒரு வாசல் திறந்திருந்தது.

கஜபதி பெருமூச்சு விட்டார். "இதோ, வாசல் கீதே. அவனுங்கதான் சரியா பாக்கல. உன் வேல தப்பிச்சிது, போ."

லாவண்யா வாசலுக்குள் பெரிதாக்கிப் பார்த்தாள். கல்மேடை காலியாக இருந்தது.