கிராம்புக் கப்பல்

"அத்மான் கப்பல் காலையிலேயே கரைக்கு வந்துடுச்சுப்பா!"

ஹலீமா அம்மாள் இதைச் சொன்னதும் ஸ்வாலே வாசலிலேயே நின்றுவிட்டான். மொம்பாசாவின் பழைய நகரச் சந்துகளில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டான்.

அவளுடைய மகன் அத்மான் இறந்துவிட்டான் என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான். முந்தின நாள் கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் ஹமிஸி போனில் அழுதிருந்தான். "போன வாரமே இஞ்சின் ரூம்ல தீயாம். அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். நான் வேற கப்பல்ல இருக்கேன், காதுல விழுந்ததுதான். கம்பெனி வீட்டுக்குச் சொல்லியிருக்கும்ல?"

"எந்தக் கப்பல்மா?" என்றான் ஸ்வாலே மெதுவாக.

"இது!" அம்மாள் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். நீலத் திரையில், மொம்பாசா துறைமுகத்தில் ஒரு பாய்க்கப்பல் ஆடிக்கொண்டு நின்றது. "போனு உடைஞ்சு போச்சாம், மைமுனா சொன்னா. போனா பெருசு? தினமும் கப்பல் வருதே, அது போதும் எனக்கு."

ஸ்வாலேக்கு மனம் கனத்தது. பழங்காலக் கடல் வாணிபத்தை வைத்து ஆடும் அந்தக் கணினி விளையாட்டை நண்பனுக்கு அறிமுகம் செய்தவனே அவன்தான். அதில் பெம்பா தீவு அத்மானுக்கு, மொம்பாசா அத்மானின் மனைவி மைமுனாவுக்கு, கில்வா ஸ்வாலேக்கு. வேலைக்குக் கடலேறிய பிறகும், நெட் கிடைத்த துறைமுகத்திலிருந்தெல்லாம் அத்மான் ஆடுவான்.

அந்த விளையாட்டில் கப்பல் வருவது பெரிய விஷயமே இல்லை. எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று ஒரு முறை வழி போட்டுக் கொடுத்தால் போதும். காற்று மாறினால் தாமதிக்குமே தவிர, போட்டவன் தூங்கினாலும் செத்தாலும் கப்பல் தானாகப் போய்த் தானாக வந்துகொண்டே இருக்கும். இதை இந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது?

"என்ன கொண்டு வந்திருக்கான், பாரு பாரு" என்றாள் அம்மாள்.

அவளுக்காகக் கப்பலைத் தொட்டுத் திறந்தான். சரக்கறை தெரிந்தது.

மூட்டை மூட்டையாகக் கிராம்பு. விளிம்பு வரை.

ஸ்வாலே கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். கப்பல் தானாக வரும்; ஆனால் தானாக நிறையாது. ஒவ்வொரு அறுவடைக்கும் பெம்பாவின் சொந்தக்காரன் உள்ளே வந்து, மொட்டு சிவக்கும் பருவம் பார்த்து, பறிக்கச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் கிராம்பு மரத்திலேயே பூத்து உதிர்ந்துவிடும். கப்பல் காலி வயிற்றோடு வந்து நிற்கும்.

"இது எப்பப் பறிச்ச கிராம்பு?" என்று முணுமுணுத்தபடி தேதியைப் பார்த்தான்.

நேற்றைய அறுவடை.

அத்மான் உயிரோடு இருக்கிறான்! ஹமிஸி காதில் விழுந்தது வேறு எவனோ அத்மான்! ஸ்வாலே வாய்விட்டுச் சிரித்தான். தட்டிலிருந்த மஹம்ரிப் பலகாரத்தை எடுத்து முழுசாக வாயில் திணித்துக்கொண்டான்.

"மெதுவாத் தின்னுடா, தேங்காப்பால் ஊத்திச் சுட்டது, ஓடியா போயிடும்?" என்றாள் அம்மாள்.

"ஷெமேஜி!" உள்ளறைத் திரைச்சீலையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்; அண்ணி, கொழுந்தன் முறையில் அவனும் மைமுனாவும் ஒருவரையொருவர் அழைக்கும் சொல் அது. "உங்க வீட்டுக்காரன் தோட்டத்தைக் காயப் போட்டுடுவான்னு பந்தயம் கட்டியிருந்தேன். சோம்பேறி, என்னைத் தோக்கடிச்சுட்டான்!"

மைமுனா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. முன்பெல்லாம் எதிரே உட்கார்ந்து, "உங்க கில்வா உப்பை நாய்கூட நக்காது ஷெமேஜி" என்று விலைக்குச் சண்டை போடுகிறவள்.

"அவளை ஏன் கேக்கறே?" அம்மாள் நொடித்தாள். "புருஷன் மேல கோவமாம். மருதாணி வெச்சுக்கறதில்ல, மல்லி வேணாம்கறா, ஊதுபத்தி வாசனைகூடப் பிடிக்கலையாம். வாசப்படி தாண்ட மாட்டேங்கறா. போன் உடைஞ்சதுக்கு அவன் என்ன பண்ணுவான், நீயே சொல்லு."

"வரட்டும்மா, ரெண்டு பேரையும் உக்காரவெச்சு நான் பேசறேன்."

"காப்பி போடறேன், இரு." அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஸ்வாலே திரை அருகே போய்க் குரலைத் தாழ்த்தினான். "ஷெமேஜி, அந்த ஹமிஸி பய ஒரு பொய்ச் சேதி சொல்லிட்டான். அதை நம்பி, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. நல்லவேளை, கப்பலைத் திறந்து பாத்தேன். ஆள் இல்லாம அந்தக் கிராம்பு ஏறவே ஏறாது. அத்மான் நல்லா இருக்கான்!"

அடுப்படியில் இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டது.

"அத்தை காதுல விழப்போகுது, மெல்லப் பேசுங்க." மைமுனாவின் குரல் கரகரத்திருந்தது. "அவங்க நெஞ்சு தாங்காது. மஸ்கட்லேருந்து குடும்பத்துப் பெரியவர் வந்து பக்கத்துல உக்காந்து சொல்ற வரைக்குந்தான்..."

"என்ன சொல்றீங்க?"

திரையின் ஓரத்தைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. வளையல் இல்லை, மருதாணிச் சுவடும் இல்லை.

"அவர் பேர்ல உள்ளே போய், அவர் தோட்டத்துல கிராம்பு பறிக்கிறது நான்தான், ஷெமேஜி."