பதினேழாம் நம்பர்

சார்ஜன்ட் செய்தது எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. வேலை போகப்போகிற மனுஷனை நிற்க வைத்து யாராவது அப்படித் திட்டுவார்களா?

போர்ப் படம். நாங்கள் நாற்பது பேர், பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களாக நடிக்க வந்த கூட்டம். இருபது நாள் வேலை. காலையிலேயே வரிசையாக உட்கார வைத்து மொட்டை அடித்தார்கள். ஒரே மாதிரிச் சட்டை. நெஞ்சில் நம்பர்.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார். "ராணுவப் பயிற்சி ஒரு மனுஷனோட தனித்தன்மையை எப்படி அழிக்குதுன்னு காட்டப்போற படம் இது. பார்க்கிறவன் அழணும். இங்கே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க."

சொல்லியிருக்கவே வேண்டாம். அவருக்கு எங்கள் பேர் ஒன்றுகூடத் தெரியாது.

பதினேழாம் நம்பர் ஒரு வேன் டிரைவர். முடி இருந்தவரை தெரியவில்லை. மொட்டை அடித்ததும் காது இரண்டும் திறந்து போட்ட வேன் கதவு மாதிரி நின்றன.

டைரக்டர் மானிட்டரைப் பார்த்து முகம் சுளித்தார். "யாருய்யா அது? எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்னுதானே சொன்னேன்? இவர் மட்டும் தனியாத் தெரியறார். மத்தியானம் சாப்பாடு போட்டு அனுப்பிடுங்க."

மேனேஜர் தலையாட்டினார்.

"சார், இதுக்காக வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்," என்றார் வேன் டிரைவர். "வண்டிச் சாவியை வேற ஆள்கிட்ட கொடுத்துட்டாங்க. இப்ப முடியும் போச்சு."

"முடி வளந்துடும்யா," என்றார் மேனேஜர்.

"சாவி வளராதே சார்."

பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் சார்ஜன்ட். நிஜப் பட்டாளத்துக்காரர், ஓய்வு பெற்றவர். பயிற்சி கொடுப்பவராக நடிக்க அவரையே போட்டிருந்தார்கள். என்ன பேசுவது என்பது அவர் இஷ்டம்.

கேமரா ஓடியது. வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், வேன் டிரைவர் எதிரில் நின்றார். மூக்கோடு மூக்கு.

"இது என்னடா, காதா, முறமா? பலமா காத்தடிச்சா நீ பாட்டுக்குப் பறந்துபோய் எதிரி முகாம்ல விழுந்துடுவே. அழறியா?"

"இல்லை சார்."

"கேக்கலை."

"இல்லை சார்."

"காது யானைக்காது, குரல் கொசுக்குரலா?"

வேன் டிரைவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. டைரக்டர் கட் சொல்லவில்லை. "கிட்டப் போங்க, முகத்துக்குப் போங்க," என்று கேமராமேன் தோளைத் தட்டிக்கொண்டேயிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் சார்ஜன்ட் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எட்டாம் நம்பர் மட்டும் தட்டோடு எதிரில் போய் நின்றார். ஊரில் லாண்டரி வைத்திருப்பவர்.

"பெரிய மனுஷன் பண்ற காரியமா சார் இது? அவரே நொந்துபோய் நிக்கிறார். அவரைப் போய்..."

சார்ஜன்ட் இன்னொரு கரண்டி சோறு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அதற்குள் மேனேஜர் மூச்சு வாங்க வந்தார். "பதினேழு இருக்காரா, போயிட்டாரா? அனுப்பிடாதீங்கப்பா. திட்டு வாங்குற மூஞ்சி திரை முழுக்க வந்துடுச்சு. இனிமே கடைசிச் சண்டை வரைக்கும் அவர் இல்லாம படம் ஒட்டாது."

வேன் டிரைவர் வாயில் போட்டதை விழுங்க மறந்து நின்றார்.

"எனக்கு இது ஆறாவது படம்," என்றார் சார்ஜன்ட், கையைக் கழுவிக்கொண்டே. "கூட்டத்துல நிக்கிறவனை எப்ப வேணா தூக்கிடுவாங்க. கேமரா முன்னாடி திட்டு வாங்கினவனைத் தொட முடியாது."

லாண்டரிக்காரர் தட்டோடு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

சாப்பாடு முடிந்து அணிவகுப்பு ஷாட். "லெஃப்ட்," என்று கத்தினார் சார்ஜன்ட்.

வேன் டிரைவர் ஒருவர்தான் இடது காலை எடுத்து வைத்தார். மற்ற முப்பத்தொன்பது பேரும் வலது காலை வைத்துவிட்டு, யாரைத் திட்ட வருகிறார் என்று ஆசையோடு காத்திருந்தோம்.