பாலத்துக் கட்டைகள்

பொன்னம்பலத்தின் நினைவுக்கல்லைத் திறந்துவைக்க வரமாட்டன் என்று கனகலிங்கம் மூன்றாம் தரமும் சொல்லியனுப்பினார். அந்தக் காலத்து வேலிச் சண்டையை மனுசன் இன்னும் மறக்கவில்லையாக்கும் என்று ஊர் கதைத்தது.

அன்று பின்னேரம் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பொன்னம்பலத்தின் வீட்டுப் படலையைத் திறந்தார். பொன்னம்பலத்தின் மனைவி இராசாத்தி முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தார்.

“இருங்கோ அண்ணை. தேத்தண்ணி போடட்டே?”

“வேண்டாம் தங்கச்சி. முப்பது வருசமாச் சொல்லாத கதை ஒண்டு சொல்லவேணும்.” அவர் நிலத்தைப் பார்த்தபடியே நின்றார்.

தொண்ணூற்றைந்தில், யுத்தத்துக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது, றோட்டுப் பாலம் சனத்தால் அடைபட்டுப்போக, ஊரவர்கள் பழைய ரயில் பாலத்தில் ஏறினார்கள். ஐந்து வருசமாக ரயில் ஓடாத பாலம். தண்டவாளம் இல்லை, அதைத் தாங்கின சிலிப்பர் கட்டைகளும் இடைக்கிடை இல்லை.

பொன்னம்பலம்தான் முன்னுக்கு நடந்தார். கொட்டுகிற மழையில், குனிந்துகூடப் பாராமல், “ஏழாவது இல்லை, எட்டி வையுங்கோ. பன்னிரண்டும் பதின்மூண்டும் இல்லை” என்று சொல்லிச் சொல்லிச் சனத்தைக் கூட்டிப்போனார். அக்கரைக்குக் கொஞ்சத் தூரம் இருக்க, ஓர் இடைவெளியில் அவரே காலை வைத்தார். கீழே வெள்ளம்.

பின்னால் வந்த அத்தனை பேரும் தப்பினார்கள். அவர்களின் பிள்ளைகள்தான் இப்போது கல் வைக்கிறார்கள்.

“அவர் விழுந்த இடத்துக் கட்டை நான் கழட்டினது, தங்கச்சி. முதல்நாள்தான். மாட்டுக்கொட்டிலுக்கெண்டு.” கனகலிங்கம் தன் கைகளை விரித்துப் பார்த்தார். “அந்த மனுசன்ரை கல்லிலை நான் என்னெண்டு கை வைக்கிறது?”

மிளகாயைக் கிளறிய கை நின்றது. இராசாத்தி கோபிக்கவில்லை, அழவுமில்லை. படலைக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“உந்தக் கல்லு வேண்டாமெண்டு நானும் சொன்னனான் அண்ணை. பெடியள் கேக்கேல்லை.”

“நீ ஏன் பிள்ளை வேண்டாமெண்டனி?”

இராசாத்தி தனக்கே கேட்காத மாதிரிச் சொன்னார்.

“மற்றக் கட்டையள் முழுக்கக் கழட்டினது அவர்தானே.”