பன்னிரண்டாம் மெஷினின் சூடு

தெருவில் எல்லோருக்கும் புகார் தீர்ந்துபோய்விட்டது என்று வீட்டுக்காரி போன் செய்தபோது நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கூடம் முழுக்க கம்ப்யூட்டர் மெஷின்கள். ஜனங்கள் செல்போனில் எதைத் தட்டினாலும் இங்கேதான் வந்து விழும். மெஷின் சூடாகக் கூடாதென்று கூடத்தையே ஐஸ் பெட்டி மாதிரி வைத்திருப்பார்கள்.

கரண்ட் மிச்சம் பிடிக்க இன்ஜினியர் தம்பி ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். எந்த மெஷினுக்கு வேலை குறைகிறதோ, அதன் வேலையைப் பக்கத்து மெஷின் தலையில் கட்டிவிட்டு அதை அணைத்துவிடும்.

பன்னிரண்டாம் மெஷினின் பின்னால், சூடான காற்று வருகிற இடத்தில், ஒரு வெள்ளைப் பூனை குட்டி போட்டிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. அந்தக் காற்று நின்றால் விறைத்துவிடும். வெளியே தூக்கி வைத்தால் தாய் மறுபடி அங்கேயே கவ்விக்கொண்டு வருகிறது. மேலே தெரிந்தால் பூனைக்கும் சீட்டு கிழியும், எனக்கும் கிழியும்.

பன்னிரண்டின் வேலை, முனிசிபாலிட்டிக்கு வருகிற புகார்களை வாங்கி வைப்பது. புகார் குறைந்தால் அதையும் அணைத்துவிடும்.

போன வாரம் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரி, "புகார்தானே? என்கிட்ட விடுங்க," என்றாள்.

மச்சான், நிலா ஒரு பக்கமாகவே தேய்கிறது என்று எழுதினான். கொழுந்தியாள் தன் மாமியாரைப் பற்றிப் பாகம் பாகமாக எழுதினாள். நான் எழுத்துக் கூட்டி, 'குளிருது' என்று மட்டும் அனுப்பினேன்.

பன்னிரண்டு அடுப்பாய்க் கொதித்தது. பூனை மல்லாந்து படுத்தது.

இப்போது தீர்ந்துவிட்டதாம். என்மேல் உள்ளதையெல்லாம்கூட எழுதி முடித்துவிட்டாளாம். அவளுக்கே தீர்ந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைப்பானைப் போட்டுவிட்டு ஓடினேன். மெஷினின் பின்பக்கம் கையை வைத்தேன்.

சூடு. முன்னைவிடச் சூடு.

திரைக்கு முன்னால் தம்பி தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே இவங்க? வேற பொழப்பே இல்லையா இவங்களுக்கு? விடாம புகார் வருது. என் புரோகிராம் மானமே போச்சு!"

"தெரியலையே தம்பி," என்றேன்.

அவர் மேசையருகே போட்டிருந்த துடைப்பானைக் குனிந்து எடுத்தேன்.

மேசைக்கு அடியில் அவருடைய இடது கை செல்போனைத் தட்டிக்கொண்டே இருந்தது. கருப்பு ஸ்வெட்டர். அதன் கை முழுக்க வெள்ளைப் பூனை முடி.